முதல் கேமரா: லென்ஸின் முழுப்பெயர் பில்லில் இருக்கிறதா?

பிள்ளை விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பில் சேர்ந்த வீடுகளிலும், கல்யாண போட்டோகிராபரிடம் உதவியாளாக இருந்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களின் வீடுகளிலும் ஒரே கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. நகையை அடகு வைத்தோ தவணை போட்டோ ஐம்பது அறுபதாயிரம் ரூபாய் புரட்டுகிறார்கள். கடைக்குப் போய், எத்தனை மெகாபிக்சல், என்ன ஆஃபர் என்று இரண்டே கேள்வி கேட்கிறார்கள். பையும் ட்ரைபாடும் மெமரி கார்டும் இலவசம் என்றதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். சிக்கல் பிறகுதான் வருகிறது.

யூடியூப் சேனலுக்காகக் கேனான் 1500டி வாங்கிய மாணவி, காலர் மைக்கைச் செருக இடம் தேடிப் பார்த்து, அப்படி ஓர் இடமே இல்லை என்று தெரிந்து கடைக்குத் திரும்ப ஓடுகிறார். நிக்கான் டி3500 வைத்திருப்பவர், மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ் வாங்கி மாட்டுகிறார். ஆட்டோ ஃபோகஸ் ஆகவில்லை. லென்ஸ் பழுது என்று நினைக்கிறார். மூன்றாமவரின் கேமராவில் நாலாம் மாதமே ஷட்டர் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் வரிசை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இந்தியாவில விற்ற பீஸ் இல்லைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் கையில் இருப்பது கடைப் பெயர்கூட அச்சிடாத ஓர் 'எஸ்டிமேட்' சீட்டு.

முதல் இருவருக்கும் சட்டத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பொருளில் குறையில்லை, தேர்வில்தான் குறை. தவறாகத் தேர்ந்தெடுத்ததற்கு எந்த நுகர்வோர் ஆணையமும் பணம் வாங்கித் தராது. மூன்றாமவருக்கு நிவாரணம் உண்டு, ஆனால் வாங்கியதற்கே அவரிடம் அத்தாட்சி இல்லை. ஆகவே என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்க வேண்டும். கேட்டதையும் கடைக்காரர் சொன்னதையும் பில்லில் எழுதி வாங்க வேண்டும். அந்த மாணவி "மைக் போடலாமா?" என்று கேட்டு, "போடலாம்" என்று கடைக்காரர் சொன்னது பில்லில் ஒரு வரியாக இருந்திருந்தால் வழக்கே மாறியிருக்கும். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. வாயால் சொன்னதை நிரூபிக்க முடியாது. எழுதியதை நிரூபிக்கலாம்.

பாடியைவிட மவுண்ட் முக்கியம்

பாடி நாலைந்து வருடத்தில் மாறும். லென்ஸ்தான் உங்களோடு நிற்கும். லென்ஸ் பூட்டும் அந்த உலோக வளையத்தை, அதாவது மவுண்டை, முதலில் முடிவு செய்யுங்கள். கேனானின் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் பொருந்தும். நிக்கானில் எஃப் மவுண்ட். 2018-ல் கேனான் ஆர்எஃப் மவுண்டையும், நிக்கான் ஜெட் மவுண்டையும் கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களுக்காகக் கொண்டுவந்தன. பழைய இஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டு ஆர்எஃப் பாடியில் மாட்டலாம். ஆர்எஃப் லென்ஸை எந்த அடாப்டர் போட்டும் டிஎஸ்எல்ஆரில் மாட்டிப் பயன்படுத்த முடியாது. "பின்னாடி யூஸ் ஆகும்" என்று சொல்லி டிஎஸ்எல்ஆர்காரர் தலையில் ஆர்எஃப் லென்ஸைக் கட்டினால் வாங்காதீர்கள்.

2020-க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. நிக்கான் டி3500 உற்பத்தியே நின்றுவிட்டது. டிஎஸ்எல்ஆர் வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கற்றுக்கொள்கிறவருக்கு இன்றும் அது நல்ல கருவி. பழைய லென்ஸ்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் கண்ணாடியில்லா கேமராவின் விலைக்கு அருகே வரும் பணத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். 'புது ஸ்டாக்' என்று சொல்லும் பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சாகியிருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

மாடல்களுக்குள் இருக்கும் வித்தியாசம் விளம்பரத்தில் வராது. 1500டி-யிலும் டி3500-லும் வெளி மைக் செருக வழியில்லை. கேனான் 200டி மார்க் 2-லும் நிக்கான் டி5600-லும் உண்டு. 200டி மார்க் 2-ல் 4கே வீடியோ உண்டு என்பது உண்மை. ஆனால் 4கே வைத்ததும் காட்சி வெகுவாக நெருங்கிவிடும், கேனானின் வேகமான டூயல் பிக்சல் ஃபோகஸும் வேலை செய்யாது. கையில் பிடித்துத் தன்னையே படமெடுக்கிறவருக்கு அந்த 4கே உதவாது. கேனான் 3000டி, 1500டி, 200டி மார்க் 2 மூன்றிலும் ப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் நடுவில் இருக்கவேண்டிய தொடுபுள்ளி கிடையாது. கேனானுக்கென்று செய்யாத மலிவு ப்ளாஷும் ரேடியோ ட்ரிக்கரும் இவற்றில் அடிக்காது. கல்யாண வேலைக்கு இறங்கும் பையன்கள் கேமராவும் ட்ரிக்கரும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு வந்து, முகூர்த்தத்துக்கு முந்தின இரவு இதைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் ப்ளாஷைக் கடைக்கே எடுத்துப்போய் மாட்டி, அடித்துப் பாருங்கள்.

நிக்கானில் டி3000 வரிசைக்கும் டி5000 வரிசைக்கும் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். வெறும் ஏஎஃப் என்று இருந்தால் கையால்தான் திருக வேண்டும். டி7500 போன்றவற்றில் மோட்டார் உண்டு. இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது: டி90, டி3100 போன்ற பழைய பாடியைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு, புதிய ஏஎஃப்-பி லென்ஸை மாட்டினால் ஃபோகஸ் ஆகாது.

லென்ஸ் பெயரின் கடைசி எழுத்துகளில்தான் காசு போகிறது. கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதிக்குக் கேனான் ஐஎஸ் என்றும் நிக்கான் விஆர் என்றும் பெயர் வைத்திருக்கின்றன. பாடியோடு சேர்த்துத் தரும் கேனான் 18-55 மி.மீ. கிட் லென்ஸில் 'ஐஎஸ், ரோமன் இரண்டு' என்று ஒன்று. வெறும் 'ரோமன் மூன்று' என்று இன்னொன்று. மூன்று என்றால் புதுசு, மேலானது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதில் ஐஎஸ்ஸே கிடையாது. கேனான் 75-300 மி.மீ. 'ரோமன் மூன்று' லென்ஸிலும் கிடையாது. 300 மி.மீ.-ல் ஐஎஸ் இல்லாத லென்ஸை முதல் முறை கேமரா பிடிக்கிறவர் கையில் கொடுத்தால் பாதிப் படம் ஆடித்தான் வரும். அதற்குப் பதில் 55-250 மி.மீ. ஐஎஸ் எஸ்டிஎம் எடுங்கள். எட்டும் தூரம் கொஞ்சம் குறைந்தாலும் படம் நிற்கும். நிக்கானின் ஏஎஃப்-பி 70-300 மி.மீ. லென்ஸும் விஆர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு விதமாக வந்திருக்கிறது. 'டபுள் கிட்' என்று வாங்குகிறவர்கள் பெட்டிக்குள் இருப்பது எது என்று லென்ஸின் முன்வளையத்தைப் படித்துப் பாருங்கள்.

மெகாபிக்சலைப் பற்றி ஒரு வார்த்தை போதும். 24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 புள்ளி. 12-க்கு 18 அங்குல ஆல்பம் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடிக்க 5400-க்கு 3600 போதும். இதற்குமேல் மெகாபிக்சலுக்காகப் பணம் கூட்டிக் கொடுக்கத் தொடக்கக்காரருக்குக் காரணமே இல்லை.

கூட்டிக் கொடுக்க வேண்டியது லென்ஸின் வாய்த் திறப்புக்கு. கிட் லென்ஸ் 55 மி.மீ.-ல் எஃப்/5.6 வரைதான் திறக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஒன்பது பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் கிட் லென்ஸோடு போராடிவிட்டு "பாடி சரியில்லை, பெரிய பாடி வாங்கணும்" என்கிறவர்களுக்கு, பெரிய பாடியில் பாதிகூட விலையில்லாத இந்த ஒரு லென்ஸ் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தொடக்கநிலை பாடிகளில் சென்சார் சிறியது. அதனால் 50 மி.மீ., கேனானில் 80 மி.மீ. அளவுக்கும் நிக்கானில் 75 மி.மீ. அளவுக்கும் நெருக்கிக் காட்டும். சின்ன ஹாலில் குடும்பமாக நிற்கவைத்து எடுக்க முடியாது. அதற்கு நிக்கானில் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி, கேனானில் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் என்று பாருங்கள்.

பில்லில் என்னென்ன இருக்க வேண்டும்

கேமராக் கடைகளில் அதிகம் கேட்கும் வாசகம், "பில் வேணும்னா பதினெட்டு பர்சென்ட் சேரும்." இந்த இடத்தில்தான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். ஆனால் பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்குள் எல்லா வரியும் அடக்கம். அதன்மேல் வரி சேர்க்க யாருக்கும் உரிமையில்லை. பில் இல்லாமல் தருகிறேன் என்றால், அந்தப் பொருள் கணக்கில் வராமல் வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி மிச்சம் பிடித்த எட்டாயிரம் பத்தாயிரம், ஷட்டர் போகும் அன்று மொத்தமாகக் கழன்றுவிடும்.

பில் தராமல் விற்பதையே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சட்டத்தின் 2(47) பிரிவு சேர்த்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (பொது) விதிகள், 2020 பில்லில் என்ன இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன: விற்பவர் பெயர், முகவரி, பில்லின் தொடர் எண், தேதி, வாங்குபவர் பெயர், பொருளின் விவரம், அளவு, வரிக்கு முந்தைய மதிப்பு, தள்ளுபடி, வரி விகிதம், கையெழுத்து. எஸ்டிமேட், கொட்டேஷன், டெலிவரி சலான் என்று தலைப்பிட்ட எதுவும் பில் அல்ல. தமிழ்நாட்டுக் கடையின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், மொத்தம் 15 இலக்கம். கடையில் நின்றுகொண்டே ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவு, இன்னும் உயிரோடு இருக்கிறதா, ரத்தானதா என்று காட்டிவிடும்.

விதி கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பாடியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண் பில்லில் வர வேண்டும். லென்ஸின் வரிசை எண் தனியாக வர வேண்டும். லென்ஸின் முழுப்பெயர், ஐஎஸ், விஆர், எஸ்டிஎம் என்ற கடைசி எழுத்துவரை வர வேண்டும். 'கேனான் கேமரா, லென்ஸுடன்' என்று எழுதிய பில்லை வாங்கிக்கொண்டு வந்தால், உள்ளே எந்த லென்ஸைப் போட்டுக் கொடுத்தார்கள் என்று பிறகு நீங்கள் வாதாடவே முடியாது. கிட் பெட்டியைப் பிரித்து நல்ல லென்ஸைத் தனியாக விற்றுவிட்டு, ஐஎஸ் இல்லாததை உள்ளே வைத்துக் கொடுக்கும் வேலை நடக்கிறது. பெட்டி, பாடி, வாரண்டி அட்டை மூன்றிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள். அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அங்கேயே போட்டு வாங்குங்கள். கம்பெனி தளத்தில் பதிவு செய்வதற்குக் காலக்கெடு இருந்தால் அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள்.

இறக்குமதியான பெட்டியில் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம், வருடம், அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்கும் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும் என்கின்றன சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011. இந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி, துபாயிலோ சிங்கப்பூரிலோ விற்க வேண்டிய சரக்கு. 'இம்போர்ட் பீஸ், ஷாப் வாரண்டி உண்டு' என்பார்கள். ஷாப் வாரண்டி என்பது அந்தக் கடை இருக்கும்வரை, அந்த ஆள் போனை எடுக்கும்வரை. எழுதிக் கொடுக்காவிட்டால் அதுவும் இல்லை. ஸ்டிக்கர் இல்லாத பெட்டியைப் பற்றிய புகாரை எடுக்க வேண்டியவர் தொழிலாளர் துறையின் கீழ் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). மாவட்டம்தோறும் அலுவலகம் உண்டு. பெட்டியின் ஆறு பக்கத்தையும் படமெடுத்து, பில் நகலோடு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். காய்கறிச் சந்தையில் தராசைச் சோதிக்கும் அதிகாரிகள் கேமராக் கடையில் ஏறி ஒரு பெட்டியைப் புரட்டிப் பார்க்கவும் வேண்டும்; புகார் வராததால் அவர்களும் போவதில்லை. எழுத்தில் புகார் போனால் கோப்பு திறந்துதான் ஆக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருவதும் இப்படித்தான். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி. கேமராவை இங்கிருந்து வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் வரிசை எண் எழுதிய ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது 'இது புதுசா வாங்கியது' என்று வரி கேட்டால் அந்தத் தாள்தான் பேசும்.

பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயந்து திரும்புகிறவர்கள் ஏராளம். பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைதான். பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் என்று அதே 2(47) பிரிவு சொல்கிறது. ஆகையால் முதல் 30 நாள் கேமராவை அலமாரியில் வைக்காதீர்கள். நன்றாகப் போட்டு வேலை வாங்குங்கள்.

கடையிலேயே பார்த்துவிட வேண்டியவை

சீலை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால், பார்சல் முகவரி தெரியும்படி தொடங்கி வரிசை எண் தெரியும்வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். முழுக்க ஃபார்மட் செய்த கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்தால் கோப்பு எண் 0001 என்று வர வேண்டும். 2317 என்று வந்தால் அது ஷோகேஸில் இருந்த கேமரா. கார்டில் பழைய படம் இருந்தால் எண் அதைத் தொடர்ந்துதான் வரும், அதற்காகத்தான் ஃபார்மட். லென்ஸ் மூடியைப் போட்டுச் சில விநாடி ஷட்டர் திறந்து எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எரிந்த பிக்சல்கள் நட்சத்திரம்போலத் தெரியும். எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சார் தூசி தெரியும். பாட்டரி கம்பெனியுடையதுதானா என்று பாருங்கள். போலிப் பாட்டரி வீங்கிப் பாடிக்குள் சிக்கிக்கொண்டால் வாரண்டி கேட்க வாயிருக்காது.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி இழைபோலத் தெரிந்தால் பூஞ்சை. நம் கடலோர ஈரத்தில் தோல் பையிலேயே மாதக்கணக்கில் வைத்த லென்ஸுக்கு அதுதான் கதி. பூஞ்சைக்கு வாரண்டி கிடையாது. காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இருநூறு முந்நூறு ரூபாய்; அதைச் செய்யாமல் லென்ஸைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். டி3500-ன் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் எடுத்த படக் கோப்பிலேயே அந்த எண்ணிக்கை பதிவாகியிருக்கும். கேனானுக்குத் தனி மென்பொருள் வேண்டும்.

இதைவிட முக்கியம் அந்தக் கேமரா யாருடையது என்பது. வாடகைக்கு எடுத்துக்கொண்டு போன கேமராவை விற்றுவிடுவதும் அடகு வைப்பதும் வாடிக்கையாகிவிட்டது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா, 2023-ன் 317-ஆம் பிரிவில் மூன்று வருடம்வரை சிறை. தெரியாமல் வாங்கியவரிடமிருந்தும் கேமராவைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போகும். விற்பவரின் அசல் பில், அடையாள அட்டை நகல், 'இன்ன வரிசை எண்ணுள்ள கேமராவை இன்ன தேதியில் இன்ன தொகைக்கு விற்றேன்' என்று அவர் கையெழுத்திட்ட கடிதம், பணம் வங்கி வழியாகப் போன பதிவு: இவை இல்லாமல் பழைய கேமராவைத் தொடாதீர்கள். பில் இல்லை, தொலைந்துவிட்டது என்கிறவரிடம் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

உங்கள் கேமரா திருடுபோனால் வரிசை எண்ணோடு புகார் எழுதிக் கொடுங்கள். புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் திணித்து அனுப்பப் பார்ப்பார்கள். திருட்டுக்கு முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாக வேண்டும், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். மாநகரமென்றால் காவல் ஆணையருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனியும் முதல் தகவல் அறிக்கையைத்தான் கேட்கும்.

பழுதானால் எந்தப் படி ஏறுவது

முதல் படி சர்வீஸ் சென்டரின் ஜாப் ஷீட். அங்கே நம் ஆட்கள் செய்யும் தவறு, கேமராவைக் கொடுத்துவிட்டு நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது. குறை என்ன என்று நீங்கள் சொன்னபடி அதில் எழுதியிருக்க வேண்டும். 'செக்கிங்' என்று ஒரே சொல் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுக்கும்போது கேமராவில் கீறலோ நசுங்கலோ இல்லை என்பதையும் எழுதச் சொல்லி, எல்லாப் பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். 'கீழே விழுந்திருக்கு', 'தண்ணி போயிருக்கு' என்று வாரண்டியை மறுத்தால், அதைப் படத்தோடு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையே அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

கடைக்காரர் "கம்பெனிக்குப் போங்க" என்பார், கம்பெனி "கடைக்குப் போங்க" என்னும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். ஆன்லைன் தளமென்றால் அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு. இணைய வணிக விதிகள், 2020-ன்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'நாங்க வெறும் இடைத்தரகர்' என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல புகார்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் 1915 நீதிமன்றம் அல்ல. அவர்களால் கம்பெனியிடம் கேட்க முடியும், கட்டாயப்படுத்த முடியாது. அங்கே புகார் நிற்கிறது என்பதற்காக உங்கள் காலக்கெடு நிற்காது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். 'பார்ப்போம், பார்ப்போம்' என்று இழுத்து இரண்டு வருடத்தைத் தாண்டியவர்கள் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டிக் கெஞ்ச வேண்டியதாகிறது.

பதில் வரவில்லையென்றால், 15 நாள் அவகாசம் கொடுத்து ஓர் அறிவிப்புக் கடிதம் அனுப்புங்கள். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்ட்டில் பதிவுச் சேவையும் பட்டுவாடாவுக்கு அத்தாட்சியும் கேட்டு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் இங்கேதான். கேமரா விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. கடை சென்னையில், நீங்கள் தென்காசியில் என்றால் தென்காசி மாவட்டத்துக்கான ஆணையத்திலேயே போடலாம். நீங்கள் குடியிருக்கும் இடத்தில் தொடுக்கும் உரிமையை 2019 சட்டம் கொடுத்திருக்கிறது. 'கடை இருக்கும் ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம்' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். நேரில் போக முடியாதவர்கள் இ-ஜாக்ருதி தளத்தில் பதிவேற்றலாம். காணொலி வழியாக விசாரிக்கக் கேட்டு மனுவும் போடலாம்.

மனுவில் எதிர்த்தரப்பாகக் கடை, கம்பெனியின் இந்திய நிறுவனம், சர்வீஸ் சென்டர் மூன்றையும் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்ற இருவரும் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவார்கள். நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள். பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், மின்னஞ்சல்கள், 1915 புகார் எண், அறிவிப்புக் கடிதம், தபால் ரசீது எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் பட்டியலோடு இணைத்து, உறுதிமொழிப் பத்திரமும் சேருங்கள். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: மாற்றுக் கேமராவா, பணமா, இழப்பீடு எவ்வளவு, செலவு எவ்வளவு. கேட்காததை ஆணையம் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேமராவில் பிழைப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. 'வணிக நோக்கத்துக்காக வாங்கினார், இவர் நுகர்வோரே அல்ல' என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் எடுக்கும் முதல் வாதம். சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்திலிருந்து விலக்குகிறது. 'நான் என் சொந்த உழைப்பால் போட்டோ எடுத்துப் பிழைக்கிறேன். சுயதொழிலுக்காக மட்டும் இதை வாங்கினேன்' என்ற வாக்கியம் உங்கள் மனுவில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பில்லையும் உங்கள் பெயரில் வாங்குங்கள். வரி வரவு கிடைக்கும் என்று வேறொருவரின் ஸ்டூடியோ பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் பில் போட்டு வாங்கினால், பிறகு நுகர்வோர் என்று சொல்லிக்கொள்ள உங்களிடம் தாள் இருக்காது. இதைத் திரும்பவும் சொல்கிறேன்: பில் உங்கள் பெயரில்.

எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆணையம் கூடுதலாகத் தரக்கூடியது 15 நாள்தான். பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவையான வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். சாதாரணமாக ஒத்திவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா வாங்கி வாங்கியே காலத்தை ஓட்டுகிறார்கள். ஆணையங்கள் இதைக் கண்டிப்போடு மறுக்க வேண்டும். ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் செலவுத் தொகை கேட்டு நீங்களும் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள்.

தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்த பிறகும் வீட்டில் உட்கார்ந்து காசோலைக்காகக் காத்திருக்காதீர்கள். எதிர்த்தரப்பு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக 45 நாள் உண்டு. போனாலும் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். அப்படிப் போகாமலும் பணம் தராமலும் இருந்தால், அதே மாவட்ட ஆணையத்தில் 71-ஆம் பிரிவின் கீழ் நிறைவேற்று மனுவும், 72-ஆம் பிரிவின் கீழ் தண்டனை கேட்டு மனுவும் போடுங்கள். 72-ல் ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம்வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலும், தொகை வரவில்லை என்று காட்டும் உங்கள் வங்கிக் கணக்குப் பக்கமும் அந்த மனுவோடு இணைய வேண்டும்.